வண்டி பார்க்கத் துணைக்கு வந்தவர்

விற்கிறவர் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். பழைய கார் பார்க்கப் போன இடத்தில் யாராவது டீ தம்ளரோடு வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "டீ குடிச்சிட்டா நாக்கு அவங்க பக்கம் சாஞ்சிரும் தம்பி" என்று என் காதில் கிசுகிசுப்பார். ஃபெர்ரி இன்ஜின் சத்தத்துக்கு மேலே முப்பது வருஷம் கத்திப் பழகிய தொண்டை அது. அவர் கிசுகிசுத்தால் பக்கத்து வீடு வரை கேட்கும்.

நாக்கு அவருக்கு முக்கியம்தான். டிரைவர் சீட்டுக்குக் கீழே கிடக்கும் கால்மிதி மேட்டைத் தூக்கி, தகரத்தில் ஆள்காட்டி விரலை ஒரு இழுப்பு இழுத்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் நாக்கில் வைத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு ஓரமாகத் துப்பிவிட்டு, விற்பவரின் முகத்தை நேராகப் பார்த்து "உப்பு" என்பார். அத்தோடு அந்த வண்டியின் கதை முடிந்தது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'நஹீ சலேகா'தான். எங்கள் தீவு இந்தியில், தேறாது என்று அர்த்தம். அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை அதுதான் என்பதால் அதையே அவருக்குச் சூட்டிவிட்டார்கள். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

என் மனைவி செல்வி இரண்டாவது முறை உண்டாகியிருந்தபோதுதான் நான் அவரைத் தேடிப் போனேன். நாங்கள் பாம்பூ ஃப்ளாட்டில் குடியிருந்தோம். எனக்கு வேலை ஃபீனிக்ஸ் பேயில், கப்பல் டிக்கெட் ஆபீசில். பெரிய ஆஸ்பத்திரியும் அந்தக் கரையில்தான். ஃபெர்ரி ஓடினால் கால் மணி நேரத்தில் எதிர்க்கரைக்குப் போய்விடலாம். காற்று கிளம்பி ஃபெர்ரியை நிறுத்திவிட்டால் ஃபெரார்கஞ்ச் வழியாகத் தரைமார்க்கமாகச் சுற்றிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. முதல் பிள்ளையை அப்படி ஒரு நாளில்தான் இழந்தோம். வாடகை ஜீப் கிடைக்கவே இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இந்த முறை சொந்த வண்டி வாசலில் நிற்க வேண்டும், அது கூப்பிட்ட நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று செல்வி சொல்லிவிட்டாள். அவளுடைய வளையல்களையும் என் சேமிப்பையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்குள் ஒரு சின்ன வண்டி வாங்கலாம். பிரசவத்துக்கு நான்கு மாதம் இருந்தது.

வண்டி எந்த வருஷத்து மாடல் என்று கேட்பவன் இங்கே புதிதாக வந்தவன். ஊர்க்காரன், வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், கடல் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்பான். உப்புக்காற்று வெளியே பளபளப்பை விட்டுவைத்து அடியில் அரித்துவிடும். ஓட்டை விழுந்த தகரத்தில் பட்டிப் பசையை அப்பி, மேலே பெயின்ட் அடித்து, புது மேட் விரித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சுனாமிக்குப் பிறகு கடலில் முழுகிக் கிடந்த வண்டிகளைக் கழுவிக் காயவைத்து விற்றதையெல்லாம் அவர் கண்ணால் பார்த்தவர். வண்டி ஏற்றும் ஃபெர்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார்களைப் பின்பக்கமாக எடுக்கச் சொல்லிக் கையாட்டுவார், நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். தீவில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு அவர் கட்டை வைத்திருக்கிறார். எந்த வண்டியின் அடியிலிருந்து எப்போது துரு உதிர்ந்தது என்று அவருக்கு மனப்பாடம்.

அவருடைய பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். இவர் கச்சாலில் பிறந்தவர். பேச்சில் அந்த மலைநாட்டு இழுப்பு கடைசிவரை போகவில்லை. அவர்களை அனுப்பும்போது அங்கே வீடு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது என்று ஒரு அதிகாரி சொன்னாராம். வந்து பார்த்தால் காடு இருந்தது. "சொல்றவன் மூஞ்சி நல்லா இருந்திச்சாம். எங்கப்பா அதத்தான் நம்புனாரு" என்று ஒரு தடவை சொன்னார்.

முதலில் குட்வில் எஸ்டேட்டில் ஒரு வண்டி. ரிட்டையர் ஆன தலைமையாசிரியர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சட்டைப் பையில் இரண்டு பேனா. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நம்மவர் என்னை ஒன்பதுக்கே இழுத்துக்கொண்டு போனார். போனவுடன் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வச்சிருந்தாங்கன்னா, காலைல கிளம்பாத வண்டின்னு அர்த்தம்" என்றார். பானெட் குளிர்ந்துதான் இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கு ஏமாற்றமாக இருந்த மாதிரி தோன்றியது.

"என் வண்டியைப் புள்ள மாதிரி வச்சிருக்கேன்யா" என்றார் தலைமையாசிரியர்.

நம்மவர் மடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தை எடுத்தார். ஏதோ பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. அதைக் கதவில் ஒட்டவைத்து மெல்ல மெல்லக் கீழே நகர்த்தினார். தகரம் இருக்கும் வரை பிடித்துக்கொண்டே வந்தது, சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் பட்டென்று தரையில் விழுந்தது.

"புள்ளைக்குக் கன்னம் பூரா பவுடருங்க சார்" என்றார்.

தலைமையாசிரியர் கேட்டைத் திறந்துவிட்டு எங்களை வெளியே போகச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இப்படி ஒரு ஆள் துணைக்கு இருக்கும்போது நாம் ஏன் பயப்பட வேண்டும் என்று செல்வியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் ஒன்பது வண்டி பார்த்தோம். ஒன்றில் உப்பு, ஒன்றில் பவுடர். ஒன்றில் புது மேட் விரித்திருந்தார்கள், அதற்காகவே வேண்டாம் என்றார். ஒரு வண்டி நின்ற தரையில் எண்ணெய் சொட்டியிருந்தது. இன்னொன்றில் எண்ணெய் சொட்டவில்லை, ஆனால் தரையை யாரோ அன்றைக்குத்தான் கழுவியிருக்கிறார்கள் என்றார். மாற்றலாகிப் போகும் ஒரு கடற்படை அதிகாரியின் வண்டிதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மாற்றல் வண்டி என்றால் இங்கே கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கப்பலில் திருப்பி ஏற்றிக்கொண்டு போகிற செலவுக்குப் பயந்து மலிவாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காந்தம் விழவில்லை. நாக்கில் உப்பில்லை. இருந்தும் நம்மவர் வாசலுக்கு வந்ததும் தலையை ஆட்டினார்.

"என்னண்ணே குறை?"

"அந்த ஆளு ஏன் சிரிக்கிறாரு?"

"ஊருக்குப் போற சந்தோஷம்ணே."

"வண்டிய நட்டத்துக்கு விக்கிறாரு தம்பி. நட்டத்துக்கு விக்கிறவன் சிரிக்க மாட்டான். நஹீ சலேகா, வாங்க போவோம்."

அந்த வண்டியை அடுத்த வாரமே ஒரு தெலுங்குக் காய்கறி வியாபாரி வாங்கிவிட்டார். தினமும் என்னோடு அதே ஃபெர்ரியில் வரும். சத்தமில்லாத இன்ஜின், இனிமையான ஹார்ன். அந்த ஹார்னைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எனக்குச் சந்தேகம் பிடித்தது அப்போதுதான். சாத்தம் பக்கத்தில் வண்டித் தரகர் ஒருவரோடு இவர் பீடி குடித்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். நல்ல வண்டியையெல்லாம் என்னிடம் வேண்டாம் என்று சொல்லி வேறு ஆளுக்குக் கைமாற்றுகிறாரோ? ஆபீசில் விசாரித்தேன். அவரைக் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போனவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "பெரிய பள்ளத்துல விழ இருந்தேன், காப்பாத்தினாரு" என்றார் ஒருவர்.

"அப்புறம் எந்த வண்டி வாங்கினீங்க?"

"வாங்கலை சார். ஸ்கூட்டர்லதான் வர்றேன்."

மற்ற இரண்டு பேரும் பஸ்.

வீட்டில் வந்து சொன்னேன். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. செல்வி கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "அவருக்கு வண்டி கிடைக்கணும்னு இல்லீங்க. வேணாம்னு சொல்றதுக்கு தினம் ஒரு வண்டி கிடைச்சாப் போதும்" என்றாள். நான் இரண்டு மாதம் கூடவே திரிந்து கண்டுபிடிக்காததை உட்கார்ந்த இடத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாள் மாலை ஃபெர்ரியில் அவரைப் பிடித்துக்கொண்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தினம் ஒரு தடவையாவது அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருவார்.

"வாழ்க்கையில ஒரு தடவையாவது யாருக்காவது 'எடு'ன்னு சொல்லியிருக்கீங்களா அண்ணே?"

அவர் கடலைப் பார்த்தார். கரையின் பலகையில் ஃபெர்ரி வந்து முட்டியது. பிறகு சொன்னார்: "எடுக்கச் சொல்லி, நாளைக்கு அது வழியில நின்னுடுச்சுன்னா? வேணாம்னு சொன்ன வண்டி எங்கியும் நிக்காது பாருங்க."

நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ பரிதாபம்தான். ஆனாலும் விடவில்லை. முதல் பிள்ளை போன கதையை அவரிடம் அன்றுதான் முழுதாகச் சொன்னேன். ஜீப்பில் செல்வி என் கையை எப்படிப் பிடித்திருந்தாள் என்பதையும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு வாரம் குடுங்க" என்றார்.

அந்த ஒரு வாரத்தில் அவரே தேடிக் கண்டுபிடித்த வண்டி அது. வெள்ளை நிறம், சின்ன வண்டி. சென்னையிலிருந்து கப்பலில் வந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. மெயின்லேண்ட் வண்டி என்ற பேச்சுக்கே இங்கே தனி மதிப்பு. அவர் காலை எட்டு மணிக்குத் தொடங்கினார். காந்தம் ஒரு இடத்திலும் விழவில்லை. நான்கு மேட்டையும் தூக்கி நான்கு இடத்தில் நக்கிப் பார்த்தார். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அதன் குழியையும் நக்கினார். உப்பில்லை. வண்டிக்குக் கீழே படுத்தார், எழுந்தார், மறுபடி படுத்தார். குறை கிடைக்காமல் அவர் தவித்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மெட்ராஸ் வண்டிண்ணே. அங்கே உப்பு ஏது?" என்றேன்.

"நான் மெட்ராசுக்கு ஒருக்காப் போயிருக்கேன். சித்திர மாசம். குடத்த வச்சிக்கிட்டு லாரித் தண்ணிக்குத் தெரு முழுக்க வரிசைல நின்னாங்க" என்றார். "குடிக்கவே தண்ணி இல்லாத ஊரு. அங்க வண்டி எங்க போயி முழுகும்?"

அங்கேயே முடிவு சொல்லவில்லை. என்னோடு ஃபெர்ரி ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் நிற்பதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "எடுத்துருங்க தம்பி" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும், உடனே ஒரு செருமல் செருமிக்கொண்டார்.

பிரசவ வலி ஒரு மத்தியானம் வந்தது. காற்றில் ஃபெர்ரியை நிறுத்தியிருந்தார்கள். சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியது. ஃபெரார்கஞ்ச் ஏற்றத்தில் மழை, ஒரு இடத்திலும் அது முனகக்கூட இல்லை. பெண் குழந்தை. மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதலில் கீழே நின்ற வண்டியின் பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறினார் என்று வாட்ச்மேன் சொன்னான். பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் செல்வியிடம் கொடுத்தார். செல்வியின் அம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்.

அதன் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். சாத்தம் டீக்கடையில் யாரோடும் பேச்சு வளர்க்காதவர், தெரியாத ஆளைக்கூட நிறுத்தி, "அதோ போகுதே வெள்ள வண்டி, நான் பாத்து எடுத்துக் குடுத்தது" என்பார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: "வண்டி எப்பிடி?"

"அருமையா ஓடுதுண்ணே."

முதல் நான்கு மாதம் அது உண்மையாக இருந்தது. மழைக்காலம் வந்ததும் வண்டிக்குள் ஒரு வாடை எழும்பியது. பிறகு விளக்குகள் தாமாக எரிந்தன, ஹார்ன் தானாக அடித்தது. ஒருநாள் பிள்ளையோடு நடுவழியில் நின்றுவிட்டது. விம்பர்லிகஞ்சில் ஒரு மலையாளி மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அவர் வேறெதையும் தொடவில்லை. சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்தார். நாம் யாரும் அதை அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. உள்ளே சுருண்டு கிடந்த பகுதி முழுக்கக் காய்ந்த சேறு.

"இது கடல் தண்ணி இல்லா. மழை வெள்ளம்" என்றார். "அங்கே வெள்ளத்துல ரெண்டு மூணு நாள் கிடந்த வண்டி. கழுவி இங்கே அனுப்பிட்டாங்க. ஒயரெல்லாம் போச்சு."

மழைத் தண்ணீரில் உப்பு எங்கே இருக்கும்? தீவில் பிறந்து வளர்ந்த எனக்கும் நம்மவருக்கும் வண்டியைக் கெடுக்கிற தண்ணீர் என்றால் கடல்தான். வேறு தண்ணீரைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை.

மெக்கானிக்கிடம், வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அன்று மாலையே நம்மவர் ஜெட்டியில் நின்றார். "வண்டி எப்பிடி?" அவர் முகத்தைப் பார்த்தேன். ஆயுசில் ஒரே ஒரு முறை 'எடு' என்று சொன்ன மனிதர். எப்படிச் சொல்வது? "அருமையா ஓடுதுண்ணே" என்றேன். விற்கிறவர்களின் கை விரலைக்கூடக் கவனித்துப் பார்ப்பவர் என்னை ஒன்றும் பார்க்கவில்லை. தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை சொல்வது சுலபமாக இருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் சுலபம்.

ஏழு மாதம் தள்ளிப் பார்த்துவிட்டு விற்க முடிவெடுத்தேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், நான் செய்தது இதுதான்: ஒயர்களை ஒட்டுப்போட்டேன், வாடைக்கு ஸ்பிரே அடித்தேன், புது மேட் வாங்கி விரித்தேன். பார்க்க வரும் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷோல் பே பக்கம் வீடு. டூட்டி முடிந்து தனியாகத் திரும்ப வண்டி வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தாள். "அந்தப் பொண்ணுகிட்ட உள்ளதைச் சொல்லிருங்க" என்று செல்வி காலையில் சொன்னாள். "பார்க்கலாம்" என்றேன். நர்ஸ் வரும் நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்தேன்.

நர்ஸ் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வேறு யாரைக் கூட்டி வருவார்கள்? மேட்டில் ஏறி வரும்போதே அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இந்த வண்டின்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் வரவே வேணாமே! விக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா தம்பி?" என்றார். காந்தத்தை எடுக்கவில்லை. குனியவில்லை. வண்டியின் கூரையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பினார். "இது நான் பாத்து எடுத்தது. இவங்க புள்ள இந்த வண்டியிலதான் உசுரோட வந்திச்சு. கண்ண மூடிக்கிட்டு எடும்மா."

"அப்ப சரிண்ணா" என்று அவள் கைப்பையைத் திறந்தாள். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. அவர் சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது.

செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. கதவைத் திறந்து சீட் பெல்ட்டைப் பிடித்து முழுக்க வெளியே இழுத்தேன். புது மேட்டின் மேல் சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளத்தில் கிடந்த வண்டி என்று நர்ஸிடம் சொன்னேன். மெக்கானிக் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவரைப் பார்க்காமலே சொல்லி முடித்தேன்.

அவர் அந்தச் சேற்றைக் கையில் எடுத்து விரலால் நசுக்கினார்.

"எப்ப தெரியும்?"

"ஏழு மாசம் இருக்கும்ணே."

"ஏழு மாசமா நான் கேக்குறப்பல்லாம் அருமையா ஓடுதுன்னீங்களே."

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதாண்ணே..."

வண்டியில் ஏமாந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வாம்மா, ஃபெர்ரிக்கு நேரமாச்சு" என்று நர்ஸைக் கூப்பிட்டார். அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னாலேயே நான் கேட் வரைக்கும் ஓடினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"விக்க வந்த அத்தன பேரையும் பாத்தேன் தம்பி" என்றார். "ஒங்கள மட்டும் பாக்காம வுட்டுட்டேன்."